எடுக்க மறுத்த அத்தியாயம்

மைனி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. அவள் கையெல்லாம் செதில். நான்தான் போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்தேன். அண்ணனைக் கட்டிக்கொண்டு வடசேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அவள் முனைவர் பட்ட ஆய்வின் பாதியில் இருந்தாள். பேசியவர் நெறியாளர். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடு, இல்லையென்றால் பட்டம் தள்ளிப்போகும் என்றார். "எடுக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு மைனி மீனுக்குத் திரும்பினாள்.

அந்த அத்தியாயம் கரும்பொருள் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருளின் ஈர்ப்பில் வாயு திரண்டுதான் முதல் விண்மீன்கள் பிறந்தன. அதன் துகள்கள் மெதுவாக நகர்பவை என்றால், சிறுசிறு திரள்கள் முதலில் உண்டாகி, அவற்றின் நடுவில் விண்மீன்கள் சீக்கிரமே பிறந்திருக்கும். வேகமாக ஓடுபவை என்றால் சிறு திரள்கள் உருவாகவே வழியில்லை. வாயு நீண்ட இழைகளாகச் சேர்ந்து, அவற்றின் நெடுகிலும் விண்மீன்கள் தாமதமாகப் பிறந்திருக்கும். பெரும்பாலோர் முதலாவதையே நம்பினார்கள். மைனி இரண்டையும் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். மின்வெட்டு கடுமையாயிருந்த காலம் அது. கணக்கு பாதியில் அறுந்துபோகும், அவள் முதலிலிருந்து தொடங்குவாள்.

"கண்ணுல படாத சாதனத்துக்கா மக்கா இவ்வளவு பாடு?" என்பாள் அம்மா.

"படலைன்னா இல்லைன்னு ஆயிருமா அத்தே?"

வாய்மொழித் தேர்வுக்கு அம்மாவும் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். மைனி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வெளியூர்த் தேர்வாளர் ஏட்டை மூடி வைத்தார். "வேகமாக ஓடும் துகள் என்பது எல்லோரும் கைவிட்ட கருத்து. நீக்கினால் இன்றைக்கே கையெழுத்து."

"அந்த விண்மீன்களை இதுவரை யாரும் பார்க்கல சார். பார்க்காமலே ஒண்ணை மட்டும் எப்படித் தள்ள முடியும்?"

அவர் கையெழுத்துப் போடவில்லை. நெறியாளர் எங்களைப் பார்க்காமல் வெளியேறினார். திரும்பும்போது பேருந்தில் மைனி சத்தமில்லாமல் அழுதாள். வடசேரியில் இறங்கியதும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அதை மட்டும் எடுத்திராத, கேட்டியா?" என்றாள்.

பிள்ளை பிறந்து தவழத் தொடங்கிய பிறகு, கூடுதல் கணக்குகளோடு அதே அத்தியாயத்தை மைனி மறுபடி சமர்ப்பித்தாள். இம்முறை வேறு தேர்வாளர். அவர் ஒரு வரியைக்கூட நீக்கச் சொல்லவில்லை.

இப்போது மைனி கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்த மாணவி ஒருத்தி, "கடைசியில எது சரி மிஸ்?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியாது மக்கா" என்றாள் மைனி. "தெரியாதுன்னு எழுதறதுக்குத்தான் அன்னைக்கு அவ்வளவு சண்டை."