பரளச்சித் தகரக் கூரையின் கீழே

சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மதுரையில் பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டை சுமார் ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து பரளச்சிக்கு வேறு பஸ். வழியெங்கும் பருத்திமார்க் குச்சிகள் காய்ந்து நிற்கும் கரிசல் காடு.

ஆறு வருடத்துக்கு முன் பரளச்சியில் ஒரு விசைத்தறிக் கொட்டகை கட்டிக்கொடுத்த இன்ஜினியர் நான். போன வாரம் அதில் பாண்டியம்மாள் என்ற தறிக்காரப் பெண் மயங்கி விழுந்துவிட்டதாக முதலாளி போனில் சொன்னார். அதனால்தான் இந்தப் பயணம்.

மதியம் ஒன்றரை. உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது. நூல் காய்ந்து அறுந்துவிடாமல் இருக்கத் தரையில் அடிக்கடி தண்ணீர் தெளிக்கிறார்கள். மேலே தகரம் காய்கிறது, கீழே ஆவி எழுகிறது. நடுவில் மனிதர்கள் இட்லியாக வேகிறார்கள்.

வேலைக்குப் போக வேண்டாமென்று டாக்டர் சொல்லியும் பாண்டியம்மாள் தறியில் நின்றாள். “கொட்டகையக் கட்டுனது இவுகதானா?” என்று முதலாளியிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “மழைக்கு ஒழுகல சார். அத மட்டுந்தான் பாத்தீகளோ?”

“தகரத்துக்கு அடியில ஃபோம் ஒட்டலாமான்னு நான் அப்பவே கேட்டேன்” என்றார் முதலாளி. “மெத்தையப் போத்துனா புழுங்கத்தான செய்யும்னு சொன்னது சாருதான்.”

சொன்னேன். பஞ்சோடு பிழைக்கும் ஊர். மெத்தை என்றதும் நம்பிவிட்டார்கள். போர்வை உடம்புச் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். கூரைக்கு அடியில் ஒட்டிய ஃபோம் வெயிலின் சூட்டை உள்ளே விடாது. படித்த எனக்கு இது தெரியும். ஆனால் அப்போது ஃபோம் ஒட்டிப் பழக்கமில்லை. அதைச் சொல்ல வெட்கம்.

இரண்டு மணிக்குப் பக்கத்து ஐஸ்கிரீம் கிடங்கைப் பார்த்தேன். அதே தகரம், அதே வெயில், அடியில் இரண்டு அங்குல ஃபோம். குளிர்ப்பெட்டிகள் இல்லாத நடைவழியிலேயே வியர்வை அடங்கியது. ஐஸ்கிரீமுக்கு உள்ள மரியாதைகூட மனிதருக்குக் கிடையாதா? என் படிப்பில் நெருப்பை வைக்க.

திரும்பி வந்து எல்லோர் முன்னும் உண்மையைச் சொன்னேன். பஞ்சுத்தூசி பறக்கும் இடம், தீ பரவாத ரகமாகத்தான் ஒட்ட வேண்டும், அதுவரை மத்தியான ஷிப்ட் ஓட்டக்கூடாது என்று கத்தினேன்.

“ஒங்க மேல உள்ள கோவத்த எம்மேல எறக்குறீகளே சார்” என்றார் முதலாளி. ஆனால் தறிகளை நிறுத்தச் சொன்னார்.

நூல்தூசியைத் தட்டிக்கொண்டே பாண்டியம்மாள் சொன்னாள்: “ஒட்டுங்க. ஒங்க பேச்ச நம்பி வர மாட்டேன். ஒரு மத்தியானம் நின்னு பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

நாலரைக்குப் பஸ் ஏறினேன். போன சித்திரையிலேயே மதுரையில் என் மாடி அறைக் கூரைக்கு ஃபோம் பதித்துவிட்டேன். பகலிலும் நன்றாக உறக்கம் வருகிறது. அதன் கீழே படுத்த ஒரு நாளும் எனக்குப் பரளச்சி நினைவு வந்ததில்லை.