வெங்காரம் போட்ட நாள்

மருத்துவமனையின் பின்கட்டில் நோயாளிகள் இறங்கிக் கைகால் அசைத்துப் பழகுவதற்கு ஒரு வெந்நீர்க் குளம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் 'தண்ணியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். "எல்லா வீட்லயும் புருஷனுக்குத் தண்ணிப் பழக்கம், எங்க வீட்ல பொண்டாட்டிக்கு" என்று, பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவள் கணவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. அவளும் மரத்துப்போனாள். அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. சமைத்தாள், சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. சாயங்காலம் நோயாளிகள் போன பிறகு, அவனைப் படியில் உட்காரவைத்துக் கால்களை வெந்நீரில் விட்டுக்கொள்ள அனுமதித்திருந்தார்கள். இடது காலில் உணர்ச்சி திரும்பினால் நடக்கவைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "லேசா சூடு தெரியுதும்மா" என்று கொஞ்ச நாளாகவே அவன் அவளிடம் சொல்லிவந்தான். அந்த 'லேசா'வைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுநாள் படுக்கையை விட்டு எழுந்திருப்பாள்.

அன்று குளத்தில் வெங்கார உப்பு போடும் நாள். வெங்காரம் கலந்தால் பாசி சுலபத்தில் அண்டாது, தண்ணீரும் அடிக்கடி குணம் மாறாது. ஆனால் போட்டதும் காரத்தன்மை ஏறிக்கொள்ளும். அதை இறக்க ஆசிட் ஊற்றியாக வேண்டும். இந்த வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குக் கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் உறை. வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆசிட். மாற்றிச் செய்தால் மூஞ்சியிலேயே தெறிக்கும். குளோரினை அதன் பக்கத்தில்கூட வைக்க மாட்டாள். அவை ரெண்டும் சேர்ந்தால் கிளம்புகிற புகை ஆளையே தீர்த்துவிடும். பம்ப் ஓட ஓட, கரையோரமாக நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கடைசி வாளி படிக்குப் பக்கத்தில் முடிந்தது. இனி பம்ப் நன்றாகச் சுற்றிக் கலக்கும் வரை யாரும் இறங்கக் கூடாது. கதவைச் சாத்தி, 'இறங்காதீர்கள்' பலகையை மாட்டிவிட்டு, பின்னறையில் வாளிகளைக் கழுவப் போனாள்.

குழாயைத் திறந்துவிட்டிருந்த சத்தத்தில் பம்ப் நின்றுபோனது அவளுக்குக் கேட்கவில்லை. நாத்தனார் அன்று சீக்கிரமே அவனைத் தள்ளுவண்டியில் கூட்டிவந்ததும் தெரியாது. பலகையை யார் படிக்கிறார்கள்? "அண்ணி உள்ளதான் இருக்காங்க, நீ உக்காருண்ணே. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்திருக்கும்" என்று வழக்கம்போல அவனைப் படியில் இறக்கி உட்காரவைத்துவிட்டு அவள் பறந்துவிட்டாள்.

குழாயை மூடியபோதுதான் தண்ணியக்காவுக்கு அந்த அமைதி உறைத்தது. ஆசிட் தண்ணீரைவிடக் கனம். சுழற்சி இல்லையென்றால் அடியில் போய்ப் படியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அடித்துப் பிடித்து வெளியே ஓடிவந்தாள்.

"ஸ்ஸ்... எரியுதே! இன்னிக்கு என்னத்தம்மா கொட்டித் தொலைச்ச?"

அவன் வலது காலை வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டான். குதிகால் வெடிப்பெல்லாம் சிவந்திருந்தது.

அவள் ரப்பர் குழாயை இழுத்துவந்து அந்தக் காலில் தண்ணீரைப் பீய்ச்சினாள். அப்போதுதான் பார்த்தாள். இடது கால் அதே படியில், அதே தண்ணீரில், தன் பாட்டுக்கு இருந்தது. வெடிப்பு அதில்தான் அதிகம். ராத்திரி களிம்பு தடவிவிடுகிறவளுக்குத் தெரியாதா?

அவள் எங்கே பார்க்கிறாள் என்று அவனும் பார்த்துவிட்டான். முகம் செத்துப்போயிற்று.

"இதுவும்..." என்றான். "இதுவும் லேசா எரியுதும்மா."

இத்தனை நாளும் அவளுக்காகவே அவன் சொல்லிவந்த சூடு அது.

"எரியத்தாங்க செய்யும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றாள். இரண்டு கைகளாலும் இடது காலைத் தூக்கி வெளியே வைத்து, வலது காலுக்கு ஊற்றியதுபோலவே அதற்கும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினாள்.