மழை இல்லை என்று எழுதிய பக்கம்

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"உசிலம்பட்டி. மூன்றாம் நாள், சாயங்காலக் காட்சி. மழை இல்லை. வலை சரி. இரண்டு முறை பிடி தவறியது. இரண்டு முறையும் இடது கை வரவில்லை. அவள் தாமதம்."

கடைசி இரண்டு சொற்கள் பொய். எழுதிய அன்று அது எனக்குத் தெரியாது.

சர்க்கஸில் ஊஞ்சல் பாரில் பிடிக்கிற ஆள் நான். கூடாரத்தின் உச்சிக்குக் கீழே எதிரெதிராக இரண்டு பார்கள் தொங்கும். ஒன்றில் நான் முழங்காலை மடக்கி மாட்டித் தலைகீழாக ஆடுவேன். இன்னொன்றிலிருந்து அவள் கையை விட்டுப் பறந்து வருவாள். அவள் மணிக்கட்டை நானும் என் மணிக்கட்டை அவளும் பிடிக்க வேண்டும். ஜனங்கள் அவளைத்தான் பார்ப்பார்கள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக இப்படித் தொங்குகிறேன். என் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எங்கள் காட்சியைப் பார்த்த ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

பாரைத் தாங்கும் கம்பங்கள், கம்பிகள், வலை எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு ஊரிலும் கூடாரம் நின்றவுடன் டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவேன். பாருக்கும் பாருக்கும் எவ்வளவு தூரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், வலை நடுவில் எத்தனை விரல் தொய்கிறது என்று எல்லாவற்றையும் எழுதுவேன். கம்பங்களைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் மண்ணில் அடித்த இரும்பு முளைகளில் கட்டப்பட்டிருக்கும். முளையை அடித்து முடித்ததும் மண் மட்டத்தில் அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பேன். கோடு மண்ணைத் தொட்டுக்கொண்டே இருந்தால் முளை அசையவில்லை என்று அர்த்தம்.

நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதிய விதி இது: கூடாரம் நின்றதும் ஒரு முறை அளக்க வேண்டும், மழை பெய்தால் மறுநாள் காலையில் மறுபடியும் அளக்க வேண்டும். இந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

அவள் மதுரைக்காரி. வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிற குடும்பம். பத்தொன்பது வயதில் சைக்கிள் ஆட்டத்துக்கு வந்து, பிறகு பாருக்கு ஏறியவள். கையை விடுவதற்கு முன்னால் தன் வீட்டு மொழியில் மூன்று எண்ணுவாள். சத்தம் எனக்குக் கேட்காது. உதடு அசைவதை வைத்துத் தெரிந்துகொள்வேன். கொரோனாவில் சர்க்கஸ் மூடியதும் காளவாசலில் அவளுடைய அண்ணன் வைத்திருக்கும் துணிக்கடையில் பில் போட உட்கார்ந்தாள். மூன்று வருடம் உட்கார்ந்தாள். போன வருடம் முப்பத்தாறு வயதில் திரும்பி வந்தபோது என்னிடம் சொன்னாள்:

"ஒரு வருசம் போய்ப் பாரு, உன் ஸ்டூலு இங்கனயேதான் கெடக்கும்னு அனுப்பிச்சான்ணே எங்கண்ணன். கோவமா சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அதான் ஒறைக்குது."

எட்டு மாதம் தினமும் காலையில் பயிற்சி செய்தோம். மதுரை முகாமில் பதினெட்டு நாளும் ஒரு பிடிகூடத் தவறவில்லை. அவளுடைய அண்ணன் மட்டும் வரவில்லை. கடையில் கூட்டமாம். அங்கிருந்து உசிலம்பட்டிக்குப் போனோம்.

உசிலம்பட்டி எனக்குச் சொந்த ஊர் மாதிரி. எங்கள் ஊருக்கு அங்கிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். மூன்றாம் நாள் என் மாமன் மகன் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டான். நான் ஏணியில் ஏறும்போதே, "மாப்ள, கீழ விழுந்தா சொல்லு, துண்ட விரிச்சுப் பிடிக்கிறோம்" என்று கத்தினான். கூடாரம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் மூன்று எண்ணிவிட்டுக் கையை விட்டாள். வலது கை என் பிடிக்குள் வந்தது. இடது கை வரவில்லை. ஒற்றைக் கையில் சுழன்று நழுவி வலையில் விழுந்தாள். விழுந்தவர் உடனே மேலே ஏறி அதே ஆட்டத்தைச் செய்து முடித்துவிட்டுத்தான் திரைக்குப் பின்னால் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பயம் உடம்பில் தங்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. அவள் ஏறினாள். மறுபடியும் அதே மாதிரி, வலது கை வந்தது, இடது கை வரவில்லை. இந்த முறை வலைக் கயிறு அவள் முழங்கையைத் தேய்த்துவிட்டது.

வலையின்மேல் நின்று கூந்தலை இறுக்கி முடிந்தாள். ஏணியைப் பார்த்தாள். பிறகு வலையின் ஓரமாக இறங்கித் திரைக்குப் பின்னால் நடந்து போய்விட்டாள். அப்படி யாரும் போய் நான் பார்த்ததில்லை. பறக்கிறவர் ஏறி வரும்வரை பிடிக்கிறவர் இறங்கக் கூடாது என்பதால் நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே இருந்தேன். கோமாளி ஓடி வந்து எதையோ செய்து சிரிக்க வைத்த பிறகுதான் இறங்கினேன்.

காட்சி முடிந்ததும் மாமன் மகன் வந்து தோளில் தட்டினான்.

"என்ன மாப்ள, இருபத்தாறு வருசமா பிடிக்கிறேன் பிடிக்கிறேன்ன. இம்புட்டுத்தானா? அத்துக்கிட்டு ஓடுற கன்னுக்குட்டியக்கூட நான் ரெண்டு கையாலயும் பிடிச்சிருவேன்."

எங்கள் ஊர் ஆட்கள் பத்துப் பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"நான் கரெக்டாத்தான் இருந்தேன் மாப்ள. அந்தப் பிள்ளைதான் லேட்டு."

இரண்டடி தள்ளி, திரைக்கு அந்தப் பக்கம் அவள் முழங்கையில் மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். திரை துணிதானே.

அடுத்த இரண்டு நாளும் அவள் ஏறவில்லை. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "கொட்டாம்பட்டியில மொதக் காட்சி வரைக்கும் பாப்போம். ஏறலைன்னா பார் ஐட்டத்த எடுத்துருவோம். கோவமெல்லாம் இல்ல."

"அதுவரைக்கும் எதுக்கு சார்?" என்றாள் அவள். "போற வழியில காளவாசல்ல எறங்கிக்கிறேன். ஸ்டூலு கெடக்கு."

என் பக்கம் திரும்பாமலே எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் கூடாரத்தைப் பிரித்தோம். முளை பிடுங்குவது லேசான வேலை இல்லை. பக்கவாட்டில் நான்கைந்து முறை சம்மட்டியால் அடித்து அசைத்து, இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். என் பக்கத்துக் கம்பத்தின் முளையைக் கோமாளி ஒற்றைக் கையால் தூக்கினான். வந்துவிட்டது.

"என்னண்ணே, முள்ளங்கி மாதிரி வருது?" என்றான்.

முளையை வாங்கிப் பார்த்தேன். என் சிவப்புக் கோட்டுக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்கு வெயிலில் காய்ந்த மண் ஒட்டியிருந்தது. அதற்கும் கீழேதான் ஈரம். அப்படியென்றால் முளை பல நாளாகவே நான்கு விரல் மேலே வந்து நின்றிருக்கிறது. குழிக்குள் கரிசல் களியாகக் குழைந்து கிடந்தது. அதை ஒட்டி எங்கள் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. அங்கே தண்ணீர் கிடைக்காததால் லாரியில் வாங்கி அதில் நிரப்பி வைத்திருந்தோம். குழாயிலிருந்து முதல் நாளே தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது எனக்குத் தெரியும். தினமும் காலையில் நான் பல் தேய்த்ததே அங்கேதான்.

முளை மேலே வந்தால் கம்பி தளரும். கம்பி தளர்ந்தால் கம்பம் எதிர்ப்பக்கமாகச் சாயும். கம்பம் சாய்ந்தால் பாரின் ஒரு முனை தாழும். அதில் தொங்கிய என் கைகளில் ஒன்று, இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் கீழே இருந்திருக்கும். அவள் சரியான நேரத்தில் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாள். இடது கையைப் பிடிக்க அங்கே கை இல்லை. இரண்டு முறையும் இடது கைதான் வரவில்லை என்று என் நோட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன், படிக்கத் தெரியாதவனைப் போல.

மழை பெய்யவில்லை. அதனால் நான் அளக்கவில்லை.

வேனில் எனக்கு முன் சீட்டில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செக்கானூரணி வந்தது. நான் சொல்லவில்லை. நாகமலைப் புதுக்கோட்டை வந்தது. சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்னால் எப்படிச் சொல்வது, இறங்கிய பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாமே என்றுகூட ஒரு யோசனை வந்தது. காளவாசல் சிக்னலில் வேன் நின்றது. அவள் எழுந்தாள்.

"வாரேன் எல்லாரும்" என்று கதவைத் திறந்தாள்.

"நில்லு தாயி" என்றேன். "நீ லேட்டில்ல. முளை ஏறியிருக்கு. நாலு விரலு. தண்ணித் தொட்டி ஒழுகி மண்ணு எளகிருச்சு. நான் பாக்கல. பார் சாஞ்சு கெடந்துச்சு. தப்பு என்னுது."

ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"எப்பத் தெரியும்?"

"காலையில."

"காலையிலயா? இம்புட்டு நேரம் வாயில கொழுக்கட்டையாண்ணே வச்சிருந்தீக? மூணு நாளா என் கையவே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். பில்லுப் போட்டுப் போட்டுக் கை மரத்துப்போச்சு போலன்னு நெனச்சு, ராவும் பகலும் கைய விரிச்சு விரிச்சு மடக்கிக்கிட்டு இருந்தேன். நீங்க உங்க மாப்ளைட்ட என்ன சொன்னீக?"



பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"எக்கா, ஏறு, இல்லாட்டி எறங்கு" என்றான் கோமாளி. "பின்னாடி பஸ்காரன் ஒப்பாரி வைக்கிறான்."

அவள் கடை இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தாள். உள்ளே ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். உட்கார்ந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"டேப்போட ஒரு முனைய இனிமே நான்தான் பிடிப்பேன். தெனமும். மழை பேஞ்சாலும் சரி, பேயாட்டியும் சரி. இப்ப உங்க மாப்ளைக்குப் போனப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மாமன் மகன் கேட்டான்:

"அப்ப லேட்டு நீயா மாப்ள?"

"ஆமா மாப்ள."

"அன்னைக்கே தெரியும். சின்னதுல பஸ்ஸுக்கும் நீ லேட்டுதான்."

வேன் மொத்தமும் சிரித்தது. அவள் தோளும் குலுங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

கொட்டாம்பட்டியில் நெடுஞ்சாலையை ஒட்டிய செம்மண் காடு கிடைத்தது. சரளை கலந்த மண். சம்மட்டி அடித்தால் முளை மணி மாதிரி சத்தம் போடும். சிவப்புக் கோடுகளை அவளே இழுத்தாள். என் கோட்டைவிட மெல்லிய கோடு, அதனால் துல்லியமானது. டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என் பாருக்கு அவள் ஏறி வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கம் ஏறியது அதுதான் முதல் தடவை. அங்கே உட்கார்ந்து, தான் பறந்து வருகிற வழியைப் பார்த்தாள்.

"இம்புட்டுத் தூரமா வாரேன் நானு?" என்றாள்.

தொட்டியைக் கூடாரத்துக்கு அந்தக் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன்.

காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது மனக்கணக்கு. உடம்புக்கு அது தெரியாது. மறுநாள் காலைப் பயிற்சியில் முதல் ஆட்டத்தில் கையை விடாமலே, ஏணி உச்சியில் அவள் நிற்கிற பலகைக்குத் திரும்பிப் போனாள். இரண்டாவது ஆட்டமும் அப்படியே. ஐந்து முறை போனாள், ஐந்து முறையும் திரும்பினாள். நான் தொங்கியபடியே காத்திருந்தேன். சாலையோரம் மாடு ஓட்டிக்கொண்டு போன இரண்டு பேர் திறந்திருந்த கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்து, "சும்மாதான் ஆடுது போல" என்று பேசிக்கொண்டு போனார்கள். மேனேஜர் ஓரமாக நின்று பார்த்துவிட்டுக் கூடாரத்தைவிட்டு வெளியே போய்விட்டார்.

"சாயங்காலம் பாப்போம்ணே" என்று அவள் இறங்கிவிட்டாள். காட்சிக்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். மறுபடியும் அளந்தோம். ஒரு விரல்கூட மாறவில்லை.

முதல் காட்சிக்குப் பாதிக் கூடாரம்தான் நிறைந்திருந்தது. அவள் ஏணியில் ஏறினாள். கைக்கு வெள்ளைப் பவுடர் போட்டாள். முழங்கையில் காயம் பொருக்குத் தட்டியிருந்தது. முதல் ஆட்டம் ஆடிவிட்டுக் கையை விடாமல் திரும்பினாள். ஜனங்களுக்கு அது ஆட்டத்தின் பகுதி, கைதட்டினார்கள். நான் என் ஆட்டத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. அவள் என்னை நம்பி வர வேண்டுமானால் நான் எப்போதும் போல ஒரே அளவில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தவிர வேறு சமாதானம் சொல்ல அந்த உயரத்தில் வழியில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் உதடு அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

வலது கை வந்தது. இடது கையும் வந்தது. நான்கு மணிக்கட்டும் இறுகிய அந்த இடத்தில் அவள் பாரம் முழுக்க என் முழங்காலில் இறங்கியது. திரும்பி அவள் பாருக்கு அவளை விடும்போது, "பிடிச்சிட்டீகளே" என்றாள், ஏதோ என் திறமை மாதிரி.

காட்சி முடிந்து நோட்டை எடுத்தேன். பேனாவை அவள் வாங்கிக்கொண்டாள். அவள் எழுதியது அப்படியே இருக்கிறது:

"கொட்டாம்பட்டி. முதல் நாள், சாயங்காலக் காட்சி. மழை இல்லை. ஆனாலும் அளந்தோம். பிடி சரி. பிடிக்கிற அண்ணன் கொஞ்சம் தாமதம், ஆனா வந்துட்டாரு."

உசிலம்பட்டிப் பக்கத்தில் இருக்கிற இரண்டு சொற்களை நான் அடிக்கவில்லை. நோட்டில் எதையும் அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதற்குக் கீழே, "இல்லை. முளை நான்கு விரல் ஏறியிருந்தது. நான் பார்க்கவில்லை" என்று எழுதினேன். முதல் பக்கத்து விதியில் 'மழை பெய்தால்' என்ற இரண்டு சொற்களை மட்டும் அவளே அடித்துவிட்டாள்.

நான்காம் நாள் மதியக் காட்சிக்கு, கடைக்கு லீவு விட்டுவிட்டு அவளுடைய அண்ணன் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காட்சியைப் பற்றி அவளிடம் அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. போகும்போது அவளிடம் ஸ்டூலைப் பற்றி அவர் பேசவில்லை என்று மட்டும் தெரியும். அவர் விடைபெற வந்தபோது நாங்கள் இருவரும் முளைக்குப் பக்கத்தில் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது.