ஐந்து ரூபாயில் ஒரு மேடு

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குச் சில்லறைக்குப் பஞ்சமில்லை. மனுவோடு வருகிறவர்கள் கொட்டிவிட்டுப் போகும் காசில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது: அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன நாணயத்தைத் தேடுவது.

ஞாயிறு காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நாணயம் சேர்ப்பவர்கள் நாலைந்து பேர் கூடுவோம். லென்ஸ் ஒரு ஹார்டுவேர் கடைக்காரரிடம் இருக்கும். நான் நீட்டுவதை எல்லாம் அவர் ஒரே பார்வையில் தள்ளிவிடுவார்.

"இது மேல வண்டி ஏறியிருக்குதுபா." "இது கற்பூரத் தட்டுல வெந்தது."

கோடு பள்ளமாக இருந்தால் வெளியே பட்ட கீறல். மேடாக இருந்தால்தான் அச்சின் குறை. அச்சு உடைந்த இடத்தில் உலோகம் புகுந்து மேடாகிவிடும், நேர் பின்பக்கத்தில் எழுத்து சரியாக எழும்பாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, கைக்கு வந்ததெல்லாம் பள்ளம்தான். ஒருமுறையாவது அந்த மனுஷன் வாயடைத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு வெள்ளிக்கிழமை அது வந்தது, ஓர் ஐந்து ரூபாய்க் காசாக. விளிம்பை ஒட்டி உளுந்து அளவுக்கு மேடு. தடவினால் விரலைக் குத்தியது. திருப்பினேன். அதே இடத்தில் எழுத்து மங்கல். வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்தேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. என் காசுகளைப் பார்த்து அவள் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்திருக்கிறாள்.

தறியிலிருந்து வரும் பட்டுப்புடவைகளுக்கு முந்தானையில் குஞ்சம் கட்டித் தருவது அவள் வேலை. பட்டு புழங்கும் வீட்டில் சொரசொரப்பாக எதுவும் இருக்கக் கூடாது. வளையல், மோதிரம், அலமாரியின் கொக்கி, எதையும் விட்டுவைக்காமல் உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிடுவாள். ஓர் இழை மாட்டி இழுத்தாலும் புடவை பாழ்.

ஞாயிறன்று காசை எடுத்தால் மேட்டைக் காணோம். அந்த இடம் மட்டும் பளபளவென்று மின்னியது.

"இத யாரு தேய்ச்சது?"

"நான்தான். அலமாரில பொடவைய வெக்கச்சொல்ல சுருக்குனு குத்திச்சி. கல்யாணப் பொடவைங்க அது. மாட்டிக்கினா யாரு பதில் சொல்றது?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதால் எரிச்சல் இன்னும் கூடியது. காசை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஹார்டுவேர் கடைக்காரர் பளபளப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு திருப்பினார். மங்கலான எழுத்தின் மேலேயே லென்ஸ் நின்றது.

"இத்தினி நாள்ல நீ கொண்டாந்ததுல இது ஒண்ணுதான்பா நெசம். எவனோ வெவரங்கெட்டவன் மேட்டத் தேய்ச்சி வெச்சிருக்கான்."

"எவனோ," என்றேன் நானும்.

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். காலையில் என் முகம் போன போக்கைக் கவனித்திருக்கிறாள் போலிருக்கிறது. கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நான் எதுனா கெடுத்துட்டனா?"

"இல்ல. சாதா அடிபட்ட காசுதானாம்."

அவள் முகம் தெளிந்தது. வாசலில் பூக்காரம்மா வந்து நின்றார்.

"அப்ப அதக் குடுங்க," என்று மனைவி கை நீட்டினாள். "பூவுக்கு அஞ்சு ரூபா கொறையுது."

கொடுப்பதற்கு முன் ஒருமுறை விரலால் தடவினேன். வழவழவென்றுதான் இருந்தது.