இடது பக்கத்துப் பெடல்

மிதிக்காதே என்று யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெடலை நான் மிதித்திருக்கவே மாட்டேன். மாமா மூன்று முறை சொன்னார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாறசாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பந்தயக் கார்க்காரர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். ஆனால் அவர் ஒருநாளும் பந்தயம் ஓட்டியதில்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ அதைச் சொல்லிச் சீண்ட, ‘அடுத்த பந்தயத்துல நானாக்கும் ஓட்டுவேன்’ என்று வாயை விட்டுவிட்டார். நண்பர்கள் சும்மா விடுவார்களா? மறுவாரமே பனச்சமூடு சந்திப்பில் கறுப்புக் கண்ணாடி போட்ட மாமாவின் படத்தோடு ஆளுயர பிளக்ஸ் நின்றது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“எலே, போவண்டாம்” என்று அம்மா கெஞ்சினாள்.

“பிளக்ஸ் வச்ச பொறவு எப்பிடிக்கா போவாம இருக்க?” என்றார் மாமா.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தன் சிவப்புக் காரை, காரோடு என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார். ஒர்க்‌ஷாப்பில் இடமில்லையாம். காரைத் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸை இறக்கி, பந்தயத்துக்கான புது கிளச்சைப் பொருத்தினார். அதைத் தள்ளுவதற்கு ஒரு ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங், உள்ளங்கையளவு வளையம், வெளிநாட்டிலிருந்து பார்சலில் வந்திருந்தது. எனக்கு ஒன்பது வயது, வாய் ஓயாமல் கேள்வி கேட்கிற வயது. மாமா சலிக்காமல் பதில் சொன்னார். வளையத்தைக் கியர்பாக்ஸின் மூக்கில் மாட்டினார். கிளச்சுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி வரும் என்று அளந்தார். கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் மெல்லிய வாஷர் ஒன்றை வைத்து மறுபடி அளந்தார். பிறகு, கியர்பாக்ஸ் தரையில் கிடக்கும்போதே, குழாயை இணைத்து எண்ணெயும் ஊற்றினார்.

“பெடல மிதிச்சா எண்ணெய் இந்த வளையத்தத் தள்ளும், இது கிளச்சத் தள்ளும். இப்பம் முன்னால தடுக்க ஒண்ணும் இல்ல, பாத்தியா? இப்பம் மிதிச்சா பிஸ்டன் வெளிய சாடிரும், உள்ள இருக்க ரப்பர் சீல் கீறிரும். வேற சீல் வர ஒரு மாசம் ஆவும். மிதிச்சிராத.”

எந்தப் பெடல் என்று கேட்டேன். கார்க் கதவைத் திறந்து காட்டினார்.

“எடப்பக்கத்துல உள்ளதாக்கும். ஒரு மிதியில போவாது, நாலஞ்சு மிதி வேணும். மிதிச்சிராத மக்கா, மிதிச்சிராத. நான் சாயா குடிச்சிட்டு வாறேன்.”

கதவு திறந்தே கிடந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். முதல் மிதியில் பெடல் மெத்தென்று இறங்கியது. ஐந்தாவது மிதியில் காருக்கடியில் ‘டப்’ என்றது. இறங்கிக் குனிந்து பார்த்தால் மண்ணில் எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது.

சாயா கிளாசோடு வந்த மாமா தலையில் கை வைத்தார். பிறகு நண்பர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, சீல் போய்விட்டது, என்ன செய்ய என்று வருத்தப்பட்டார். என் பெயரைச் சொல்லவே இல்லை. அன்று மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அழுதுகொண்டே அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

“போட்டும் மக்கா, நான் மன்னிச்சாச்சு” என்று என் தலையைத் தடவினார்.

இப்படியும் ஒரு மனிதரா என்று உருகிப்போனேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகப் பல வருடம் கிறிஸ்துமஸ் கேக்கில் என் பங்கை அவருக்கே கொடுத்தேன். அவரும் மறுக்காமல் தின்றார். பிளக்ஸ் எங்கள் விறகை மழையிலிருந்து காத்தது.

பதினெட்டு வயதில் ஓட்டப் பழகுவதற்காக அதே காரில் ஏறினேன். பக்கத்தில் மாமா. அவர் ஆறடி உயரம். அவருக்கேற்ப சீட் பின்னால் தள்ளிக் கிடந்தது. காலை எவ்வளவு நீட்டியும் எனக்குக் கிளச் பெடல் எட்டவில்லை. சீட்டை இழுக்கும் கம்பியைத் தேடிக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, எங்கள் தென்னையில் எத்தனை குலை என்று எண்ணத் தொடங்கினார்.

ஒன்பது வயதில் எனக்கு எட்டிய பெடல் அது. அன்று அத்தனை கேள்வி கேட்ட நான், சீட்டை முன்னால் இழுத்துப் போட்டது யார் என்று மட்டும் கேட்கவில்லை.