பெருநாளுக்குப் போன பிள்ளைகள்

ரவ்தா மேடம் எங்கள் இல்லத்துக்கு வந்த அன்று வாசலில் நின்ற என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க வண்டியில எத்தனை பிள்ளைங்க உட்காரலாம்?" என்பதுதான். அதற்கு முன் வந்த ஆலோசகர்கள் எல்லாரும் இயக்குநர் அறை எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்கள்.

ஆலோசகர்கள் எங்களுக்குப் புதிதல்ல. தலைநகர் துனிஸிலிருந்து காலை ரயிலில் வருவார்கள். காபி குடிப்பார்கள், படுக்கை அறைகளைச் சுற்றிப் பார்ப்பார்கள், மாலை ரயிலைப் பிடிக்க என்னை விரட்டுவார்கள். கொஞ்ச நாளில் தடிமனாக ஓர் அறிக்கை வரும். இயக்குநர் லுத்ஃபி சார் அலமாரியில் தூசி தட்டி அதை வைப்பார். ஸ்ஃபாக்ஸ் நகரில், கிரெம்தா சாலையில் இருந்த அந்தக் குழந்தைகள் இல்லத்தில் நான் ஓட்டுநராகச் சேர்ந்ததிலிருந்து அதுவரை நடந்தது இதுதான்.

ரவ்தா மேடத்துக்கு ரயில் தேவைப்படவில்லை. பழைய நகரின் பாப் திவான் வாசல் பக்கத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து அலுவலகம் வைத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். குள்ளமான உருவம், வேகமான நடை, தெருவே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. பிறந்தது கெர்கெனா தீவில், ஆக்டோபஸ் பிடிக்கிற வீட்டில். படிப்புக்காகப் பன்னிரண்டு வயதில் கப்பலேறி இந்த ஊருக்கு வந்து விடுதியில் தங்கியவர். பிறகு சமூகப் பணி படித்து, அரசு வேலையில் பல வருடம் இருந்து, "கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை மரத்துப் போச்சு" என்று வேலையை விட்டுவிட்டு ஆலோசகர் ஆனவர். அவருடைய அண்ணன் அதைக் கடைசிவரை ஒரு தொழிலாக ஒப்புக்கொள்ளவில்லை. "என் தங்கச்சி பேசியே சம்பாதிக்கிறா" என்பார்.

முதல் வாரம் மேடம் யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார், அவ்வளவுதான். ஒருநாள் மதியம், பக்கத்தில் இருந்த ஏழு வயது யுஸ்ராவின் தட்டில் முட்டை இருந்தது.

"இது எப்படி வெந்துது தெரியுமா?" என்று கேட்டார்.

"அது வெந்துதான் இருக்கும்."

"எங்கேர்ந்து வருது?"

யுஸ்ரா இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு, சமையலறைச் சுவரில் தட்டுகளைத் தள்ளிவிடும் சிறிய சன்னலைக் காட்டினாள். "அங்கேர்ந்து."

மேடம் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். வெளியே வந்து என் வண்டியில் சாய்ந்து நின்றபோது சிரிப்பு இல்லை.

"நாசர், நான் விடுதியில இருந்தப்ப காத்து பலமா அடிச்சா கப்பல் ஓடாது. வீட்டுக்குப் போக முடியாது. சுவரப் பாத்துட்டுப் படுத்திருப்பேன். ஆனா அடுத்த வாரம் கப்பல் வந்துரும். இந்தப் பிள்ளைங்களுக்குக் கப்பலே கிடையாதேப்பா."

அன்றே லுத்ஃபி சார் அறைக்குப் போனார். கோப்பு ஒன்று எடுத்துவர என்னையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள், அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"நோன்புப் பெருநாளுக்கு மூணு நாள் பிள்ளைங்கள வீடுகளுக்கு அனுப்பலாம் சார்."

"யார் வீட்டுக்கு?"

"ஊர்ல இருக்கிற வீடுகளுக்கு. நான் பாத்துப் பேசிப் பழக்கித் தர்றேன். குழந்தைகள் கோர்ட் நீதிபதி அம்மாகிட்ட அனுமதியும் வாங்கித் தர்றேன்."

"மேடம், ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்ச்சாக்கூட நான்தான் பதில் சொல்லணும்."

"இங்க சிராய்க்கிறதில்லையா?"

"இங்க சிராய்ச்சா மருந்து இருக்கு."

"அங்க ஊதிவிட ஆள் இருக்கும் சார்."

லுத்ஃபி சார் கெட்டவர் இல்லை. எதற்கும் பயப்படுகிறவர், அவ்வளவுதான். ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "மூணாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒவ்வொரு பிள்ளையும் இந்தக் கேட்டுக்குள்ள இருக்கணும்" என்றார். மேடம் சத்தியம் செய்துகொடுத்தார்.

அந்த நோன்பு மாதம் போல் ஒன்றை நான் பார்த்ததில்லை. மேடம் மீன் சந்தையில் பேசினார், பெண்களின் குளியல் கூடத்தில் பேசினார், பள்ளிவாசலில் இமாமைப் பேச வைத்தார். நோன்பு திறந்த கையோடு ஆட்கள் செருப்புக் கடை மாடிப்படியில் வரிசை கட்டினார்கள். கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார். "இவ்வளவு கால் ஏறி இறங்குது, ஒரு கால் கூடச் செருப்பு வாங்கல." பத்து நாள் கழித்து அவரே மாடியேறி வந்து, "நானும் என் சம்சாரமும் பேசிக்கிட்டோம், எங்களுக்கும் ஒரு பிள்ளை உண்டா?" என்று கேட்டார்.

மேடம் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருவர் வந்து, "பாத்திரம் கழுவுற வயசுப் பொண்ணா பாத்துக் குடுங்க" என்றார். மேடம் படியைக் காட்டினார். மற்றவர்களிடம் வினோதமான கேள்விகள் கேட்டார். பிள்ளை ராத்திரி படுக்கையை நனைத்தால் என்ன செய்வீர்கள்? ரொட்டியை ஒளித்து வைத்தால்? உங்களை அம்மா என்று கூப்பிட மறுத்தால்?

மீன் விற்கிற ஸொஹ்ராவிடம் படுக்கைக் கேள்வியைக் கேட்டபோது அவள் முழித்தாள். "என்ன பண்றதுன்னா? துவைக்கத்தான் செய்யணும். வித்தா போட முடியும்?" மேடம் அப்படியே அவளைக் கட்டிக்கொண்டார். யுஸ்ராவை அவள் வீட்டுக்கு என்று அன்றே முடிவாகிவிட்டது.

யாரும் கேட்காத பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஷீராஸ், பதினொரு வயது. இல்லத்தில் அவளுக்கு ஓட்டக்காரி என்று பெயர். மதிலேறிக் குதித்துவிடுவாள், நான் வண்டியோடு தேடிக் கூட்டி வருவேன். அவளைப் பற்றி மேடம் ஒளிக்காமல் சொன்னதும் வந்தவர்கள் நழுவினார்கள். ஹேதி என்ற ஓய்வு பெற்ற ரயில் கார்டும் அவர் மனைவி முன்ஜியாவும் மட்டும் நழுவவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் பிரான்ஸில் இருந்தார்கள்.

"ஓடுமா?" என்றார் ஹேதி. "நான் வாழ்க்கை முழுக்க ஓடுற வண்டியிலதான் வேலை பாத்தேன். அனுப்புங்க."

பிறை தெரிந்த மாலை என் வண்டி நின்ற இடம் இல்லை. ஒவ்வொரு முறை ஏறும்போதும் பிள்ளைகள் சண்டை போட்டார்கள், பாடினார்கள், ஒருவன் வாந்தி எடுத்தான். நிறுத்திய வீடெல்லாம் கதவு திறந்தே கிடந்தது. தெருவே மறுநாளைக்கான உப்பு மீன், வெங்காய வாசனையில் மிதந்தது. அம்மா ஒருத்தி வாசலிலேயே பிள்ளைக்கு வாங்கி வைத்த சட்டையை மேலே வைத்து அளந்து, "சின்னதாப் போச்சே" என்று தவித்தாள். நான் அந்த வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். பக்கத்தில் இருந்த மேடம், "ரோட்டப் பாத்து ஓட்டு நாசர், நான் சத்தியம் பண்ணிருக்கேன்" என்றார்.

இரண்டாம் நாள் அடி விழுந்தது. ஐமன் என்ற சின்னப் பையனை ஒரு தம்பதி திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். முதல் நாளிலிருந்து அழுகை, சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. அவர்களும் அழுதுகொண்டேதான் வந்தார்கள்.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் லுத்ஃபி சார்.

"சொன்னீங்க. என் தப்புதான். வீட்ல நாய் இருக்கான்னு அவங்களக் கேட்டேன். நாய்னா உனக்குப் பயமான்னு இவனக் கேக்காம விட்டுட்டேன்." மேடம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்கே கூட்டிப் போனார்.

மூன்றாம் நாள் நாலு மணிக்கே லுத்ஃபி சார் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐமனை அழைத்துக்கொண்டு மேடமும் வந்து சேர்ந்தார். ஐந்து அடிக்கச் சற்று முன்னால் ஹேதியும் முன்ஜியாவும் ஷீராஸைக் கூட்டி வந்தார்கள். புது உடை, பின்னிய தலை. ஹேதி கைக்கடிகாரத்தைக் காட்டினார். "சொன்ன நேரத்துக்கு வந்துட்டோம்." முன்ஜியா ஷீராஸின் பின்னலை இன்னொரு முறை சரிசெய்தாள். அவர்கள் பேருந்து பிடிக்கப் போய்விட்டார்கள்.

ஐந்து அடித்தது. ஐந்தரை ஆனது. வேறு ஒரு பிள்ளையும் வரவில்லை.

பிறகு தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஒரு வீட்டில் பிள்ளைக்கு லேசாகச் சளி. ஒரு வீட்டில் பெரியப்பா விருந்து, கிளம்ப முடியாதாம். ஒரு வீட்டில் இப்போதுதான் தூங்கினானாம். செருப்புக் கடைக்காரர், "வண்டி பஞ்சர்" என்றார். அவரிடம் வண்டியே கிடையாது. ஸொஹ்ரா மட்டும் பொய் சொல்லவில்லை. "அடுப்படிய விட்டு நகர மாட்டேங்கிறா. முட்டை உடைச்சு உடைச்சு ஒரு தட்டு தீந்துபோச்சு. இவள எப்படி இழுத்துட்டு வர்றது, நீங்களே சொல்லுங்க."

லுத்ஃபி சாருக்கு வியர்த்து ஊற்றியது. "மேடம், போலீஸுக்குச் சொல்லிரவா? எல்லாப் பிள்ளையும் போச்சு."

"போகல சார். எல்லாம் எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும்." மேடத்துக்கு உள்ளே சிரிப்புப் பொங்கியது, வெளியே காட்டக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நேராக நீதிபதி வீட்டுக்குத் தொலைபேசி செய்தார். மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் நீதிபதி அம்மா சிரிப்பது எனக்கே கேட்டது. வார இறுதிவரை அனுமதி நீண்டது.

அப்போதுதான் காவல்காரர் ஓடி வந்தார். ஷீராஸைக் காணோம்.

லுத்ஃபி சார் நாற்காலியில் சரிந்தார். நான் சாவியை எடுத்தேன். வழக்கமாக அவளைத் தேடும் இடங்கள் எனக்கு அத்துப்படி: துறைமுகம், பழைய ரயில் கொட்டகை, சந்தைக் கடைசி. மேடம் ஏறி உட்கார்ந்து, "அங்கெல்லாம் வேண்டாம். ஹேதி வீட்டுக்குப் போ" என்றார்.

ஹேதி குடியிருந்த ஸாகியத் அஸ்ஸைத் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. படியில் ஷீராஸ் உட்கார்ந்து, பக்கத்து வீட்டார் கொடுத்த இனிப்பைத் தின்றுகொண்டிருந்தாள். புதுச் செருப்பு கையில், கால் முழுக்கப் புழுதி. எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடத் தயாரானாள். மேடம் படியில் போய் அமர்ந்தார். அவளும் மெல்ல உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஹேதியும் முன்ஜியாவும் வந்தார்கள். முன்ஜியாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. படியில் இருப்பது யார் என்று தெரிந்ததும் அவள் கைப்பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

ஹேதி கடிகாரத்தைப் பார்த்தார், ஷீராஸைப் பார்த்தார். "எப்படிடி எங்களுக்கு முன்னால வந்த?"

"உங்க பஸ் ஊரெல்லாம் சுத்துது. நான் குறுக்க ஓடி வந்தேன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கேன்னுதான் கொண்டுவந்து விட்டேன் மேடம்" என்றார் ஹேதி. "பஸ்ல முன்ஜியா என்கூட ஒரு வார்த்தை பேசல."

மேடம் ஷீராஸ் பக்கம் திரும்பினார். "இங்க இருக்கியா?"

அவள் யோசித்தாள். "சாப்பாடு பரவால்ல. ஆனா அவர் ரொம்பக் குறட்டை விடுறாரு."

மேடத்தின் சிரிப்பில் எதிர்வீட்டுச் சன்னல்கள் திறந்தன.

அதன்பின் நடந்ததுதான் உண்மையான வேலை. நீதிமன்றத்துக்கு நடை, ஒவ்வொரு வீட்டுக்கும் பயிற்சி, மாதாமாதம் யார் போய்ப் பார்ப்பது என்ற ஏற்பாடு. எங்கள் பணியாளர்கள் வேலை போய்விடும் என்று கொதித்தார்கள். மேடம் அவர்களை உட்கார வைத்து, வீடுகளுக்குப் போய் வரும் வேலையை அவர்களுக்கே பழக்கினார். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வீடுகளிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள். ஐமனுக்கு நாய் இல்லாத வீடு கிடைக்கக் கோடை வரை ஆனது. இரண்டு பிள்ளைகள் போன வீடு ஒத்துவராமல் திரும்பி வந்தார்கள். அவர்கள் வந்த அன்றெல்லாம் மேடம் இல்லத்திலேயே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இந்த வருடம் காபிஸ் நகரத்தில் இதேபோல் செய்து தரச் சொல்லி மேடத்தை அழைத்திருக்கிறார்கள். அங்கே உள்ள இயக்குநர் பிடிகொடுக்கவில்லையாம். "அவருக்கு நான் சொன்னா புரியாது, நீங்க வாங்க" என்று லுத்ஃபி சாரை இழுத்துக்கொண்டார். போன வாரம் மூவரும் கிளம்பினோம். மஹ்ரஸ் தாண்டி ஒலிவத் தோப்புகள் ஓடிக்கொண்டிருக்க, லுத்ஃபி சார் பின் இருக்கையில் தன் பேச்சை ஒத்திகை பார்த்தார். அந்த முதல் பெருநாளை ஏதோ தானே முன்னின்று நடத்தியதுபோல அதில் ஒரு விவரிப்பு.

"சார், போலீஸுக்குச் சொல்லிரவான்னு கேட்டீங்களே, அது எங்க?" என்றார் மேடம்.

"அது அவங்களுக்கு எதுக்கு மேடம்?"

"அதுதான் வேணும். நீங்க எவ்வளவு பயந்தீங்கன்னு தெரிஞ்சாத்தான் அந்த மனுஷன் நம்புவாரு. நாசர், சார் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும், நீ கொஞ்சம் மெதுவாப் போ."

லுத்ஃபி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.