தோளில் கிடந்த கை

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் அப்பாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியிலிருந்து வந்த மைதாப் பசை வாசனை எங்கள் பழைய வீட்டு வாசனை.

அப்பா ஒரு சின்னப் பத்திரிகையில், அச்சுக்குப் போகும் முன் செய்தித் துண்டுகளை வெட்டிப் பக்கமாக ஒட்டுகிறவர். சாப்பிட உட்கார்ந்தால் காய்ந்த பசை அவர் விரல்களிலிருந்து தோல் மாதிரி உரியும். "அத்த கழுவிக்கினு வந்து துன்னக்கூடாதா?" என்று அம்மா கத்துவாள்.

மரண அறிவிப்புக்குக் கவரைப்பேட்டை, ஆரணிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் தனிப்படம் இருக்காது. கல்யாண குரூப் போட்டோவைக் கொடுப்பார்கள். அதைப் பிரதி எடுத்து, இறந்தவரை மட்டும் அப்பா பிளேடால் வெட்டி எடுப்பார். தோளில் யார் கையாவது கிடந்தால் சுரண்டிவிட்டு, அங்கே மையால் சட்டையை வரைந்துவிடுவார்.

"அந்தக் கை இருந்தா இன்னாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலைல பேப்பரப் பிரிச்சா, அந்தக் கைக்குச் சொந்தக்காரங்க தாங்க மாட்டாங்கம்மா."

அந்தப் பேப்பரில் அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. இன்று சுவர் முழுக்க அவர் பெயர்தான்.

"நேரா கீதான்னு பாரும்மா," என்றார் போஸ்டர் ஒட்டியவர்.

பார்த்தேன். என் கல்யாணப் படத்திலிருந்து அப்பாவை யாரோ அவசரமாக வெட்டி எடுத்திருந்தார்கள். அவர் தோளில் நாலு விரல்கள் அப்படியே இருந்தன, மருதாணி போட்ட என் விரல்கள்.